கண்ணாடிக்குள் தூத்துக்குடி

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அதனால் புதன்கிழமை காலையிலேயே பாளையங்கோட்டையில் அந்தக் கடையின் பெஞ்சு நிறைந்துவிட்டது. 2018 மே 23. முந்தின நாள் நண்பகலில், ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கிற தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டிருந்தது.

கடை ஒடுக்கமானது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் மூன்று நாற்காலிகள். எதிர்ச் சுவரை ஒட்டிப் பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே இரும்புச் சட்டத்தில் டிவி. நாற்காலியில் இருப்பவர் அதைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு டிவி தலைக்கு மேலே என்பதால் அவர்களும் எதிரே கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே அந்தக் கடையில் செய்தி பார்க்கும் எல்லாருக்கும் எழுத்து இடவலம் மாறியே தெரியும். கீழே ஓடுகிற வரி எதிர்த்திசையில் ஓடும். யாரும் அதைப் படிக்க முயல்வதில்லை. ட்ரிம்மர் இரைச்சலில் குரலும் பாதிதான் கேட்கும். மிஞ்சுவது படம். சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எண் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. 11 என்பது கண்ணாடியிலும் 11தான்.

அன்று காலை அந்தக் கண்ணாடிக்குள் சுற்றிச் சுற்றி வந்த படங்கள் இவை. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிகின்றன, கறுப்புப் புகை எழுகிறது. கைக்குட்டையால் முகத்தைக் கட்டிய இளைஞர்கள் கல் எறிகிறார்கள். கேடயங்களைத் தூக்கிப் பிடித்தபடி காவலர்கள் பின்வாங்குகிறார்கள். அதன் பிறகு ஆம்புலன்ஸ், மருத்துவமனை வாசல், மார்பில் அடித்துக்கொண்டு அழும் ஒரு பெண். உடனே மறுபடியும் எரியும் வாகனங்கள். செய்தி வாசிப்பவர் மாறினார், விளம்பரம் வந்து போனது, தலைவர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். எதற்கு இடையிலும் அந்தத் தீ திரும்பி வந்தது. படத்தின் எந்த மூலையிலும் நேரம் குறித்திருப்பதாகத் தெரியவில்லை. நேற்று எரிந்து அணைந்த தீ இன்னும் எரிந்துகொண்டிருப்பதாகவே கண் நம்பியது.

இந்தப் படங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வாகனங்கள் எரிந்தது உண்மை, கல் விழுந்தது உண்மை, காவலர்களும் காயப்பட்டார்கள். சங்கதி அடுக்கிய வரிசையில் இருக்கிறது. தீ முதலில், கல் அடுத்து, சாவு கடைசியில் என்று நாள் முழுக்க ஓடினால், முன்னது காரணம், பின்னது விளைவு என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். எது முதலில் நடந்தது, யார் உத்தரவு கொடுத்தார்கள், குண்டு பட்டவர்கள் எந்தப் பக்கம் திரும்பி இருந்தார்கள் என்று கேட்டு எழுத ஒரு விசாரணை ஆணையத்துக்கு நான்கு ஆண்டு பிடித்தது. எடிட்டிங் அறையில் அது அன்றைக்கே முடிவாகியிருந்தது.

பெஞ்சில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒருவர். நடுத்தர வயது, சட்டைப்பையில் அலுவலக அடையாள அட்டை. உள்ளே வரும்போதே “எத்தன உசுரு போச்சு, அய்யோ” என்று தலையில் கை வைத்தபடி வந்தவர். அவர் முறை வந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். தலையை அசைக்கக் கூடாது என்பதால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவர் பக்கவாட்டுக்கு வந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

“அதுக்காவ கலெக்டர் ஆபீஸ்ல போயி வண்டியக் கொளுத்தலாமா? போலீஸ்காரன் என்ன செய்வான்? அவனுக்கும் புள்ள குட்டி இருக்குல்லா.”

அவரிடம் யாரும் வாதாடவில்லை. போலீஸ் செய்தது சரி என்று செய்தி வாசித்தவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் ஏறி இறங்குவதற்குள் அவருடைய இரக்கம் இடம் மாறியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து அவர் பார்த்த தீ எத்தனை முறை, பார்த்த பிணம் எத்தனை முறை என்று எண்ணினால் அவர் பேசியது நியாயமாகவே படும். காவலர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு என்பதும் சரிதான். நேற்று இறந்தவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். அவள் முகம் அந்தக் கண்ணாடியில் வந்து போன வேகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெஞ்சின் ஓரத்தில் துண்டை மடியில் போட்டபடி இருந்த பெரியவர் ஒருவர் அதுவரை பேசவே இல்லை. கையில் பட்டன் போன். அது இரண்டு மூன்று தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். கடைக்காரர் கேட்டார்: “யாரு அண்ணாச்சி, மவளா?”

“ஆமா. அவ தூத்துக்குடியிலதான இருக்கா. நேத்து அவளும் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஊர்வலத்துல போயிருக்கா.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். “அவ ஓடுன கதயச் சொல்லுதா. இதுல எரிஞ்ச கதயத்தான் காட்டுதான்.”

கடைக்காரர் ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்றினார். அதிலும் அதே வாகனங்கள், வேறொரு கோணத்தில்.

கோணம் என்று சொன்னேன். உண்மையில் எல்லாக் கோணமும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவைதான். கல் எல்லாம் நம்மை நோக்கியே வந்தது. காவலர்களின் முதுகு பக்கத்தில் தெரிந்தது, தலைக்கவசத்தின் வார் வரைக்கும் துல்லியமாக. கூட்டம் தொலைவில் இருந்தது, முகமில்லாத திரளாக. பார்க்கிறவனைக் கேட்காமலே அவனைக் கொண்டுபோய் போலீஸ் வரிசைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது அந்தப் படம். எறிகிற கல்லுக்கு அவனும் குனிகிறான். சுடுகிற துப்பாக்கியின் வாய் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. அது அவனுக்கு எதிர்த்திசையில் நீண்டிருக்கிறது.

இதற்குச் சதி எதுவும் வேண்டியதில்லை. ஓ.பி. வேனை, அதாவது நேரலை வண்டியை, நிறுத்த இடம் வேண்டும், திரும்பிப் போக வழி வேண்டும், லட்சக்கணக்கில் விலையுள்ள கேமரா உடையாமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் கிடைக்கிற இடம் காவலர் வரிசைக்குப் பின்புறம். முதுகில் மாட்டிக்கொண்டு நேரலை அனுப்பும் கருவி செல்பேசி சிக்னலை நம்பியது. பெருங்கூட்டத்துக்கு நடுவில் அது திணறும். பெரிய சேனல்களில் சிலவற்றை விட்டால், மாவட்டத்தில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஸ்ட்ரிங்கர் என்பார்கள், அனுப்புகிற செய்திக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். விபத்து, கொலை, கொள்ளை, கஞ்சா என்று அவர்கள் அன்றாடம் அனுப்புவதில் பெரும்பங்கு காவல் நிலையத்தில் கிடைப்பது. எஃப்.ஐ.ஆர். விவரத்துக்கு நாளைக்கும் அதே இன்ஸ்பெக்டரிடம்தான் போய் நிற்க வேண்டும். போராடுகிறவர்கள் நாளை வேலைக்குப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்டர் அங்கேயே இருப்பார். காவல்துறை முதலில் சொன்ன கணக்கும் காரணமும் முதல் செய்தியாகிவிடுவது இந்த வழியாகத்தான். பிறகு வேறொன்று தெரிய வந்தால், அது இரண்டாவது செய்தி. முதல் செய்தியைப் பார்த்த எல்லாரும் இரண்டாவதைப் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை. அங்கே டிவி நேராக இருந்தது, எழுத்தைப் படிக்க முடிந்தது. படித்த பிறகு, கண்ணாடியில் பார்த்ததே மேல் என்று தோன்றிவிட்டது. ‘கல்வீசித் தாக்கினர்’, ‘தடையை மீறினர்’, ‘தீ வைத்தனர்’ என்ற வரிகளிலெல்லாம் செய்தவர்கள் இருந்தார்கள். ‘துப்பாக்கிச் சூட்டில் பலி’, ‘உயிரிழப்பு 12 ஆக உயர்வு’ என்ற வரிகளில் சுட்டவரைக் காணவில்லை. அணையின் நீர்மட்டம்போல் உயிரிழப்பு தானாக உயர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பன்னிரண்டாவது உயிர் அன்றைக்குப் போனது. சுட்ட மறுநாள், இறந்தவர்களின் உறவினர்கள் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே, நகரத்துக்குள் மறுபடியும் சுட்டிருந்தார்கள். திரையின் மூலையில் ‘கலவரம்’ என்று ஒரு முத்திரை. டீ ஆற்றுகிறவர் அண்ணாந்து பார்த்து, “இன்னும் அடங்கலயா?” என்று கேட்டார். அடங்க வேண்டியவர்கள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அந்தச் சூட்டுக்கு முன்னால் போன நூறு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையின் பக்கத்தில் இருக்கிற அ.குமாரரெட்டியாபுரத்து மக்கள் 2018 பிப்ரவரி 12 அன்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் தாமிரம் உருக்கும் ஆலை அது. அதை இரண்டு மடங்காக்கும் வேலை அவர்கள் ஊரை ஒட்டித் தொடங்கியிருந்தது. அவர்களுக்குப் பழைய கணக்கு நிறைய இருந்தது. 2013 மார்ச்சில் நகரத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விடிந்த காலை ஒன்று உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாசு உண்டாக்கியதற்காக ஆலைமீது 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது, ஆனால் ஆலை ஓடலாம் என்றும் சொன்னது. போராட்டத்துக்கு நடுவே, 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்கு முந்தின மாதம், மார்ச் 24 அன்று தூத்துக்குடியில் திரண்ட கூட்டம் நகரம் அதற்கு முன் அதிகம் கண்டிராதது. ஒரு கடை திறக்கவில்லை, ஒரு கல் விழவில்லை. அந்தக் கூட்டத்தின் படம் பெரும்பாலும் செல்பேசி வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது.

மே 22 அன்று போராட்டத்துக்கு நூறாவது நாள். பிப்ரவரியிலிருந்து மே வரை அந்த மக்கள் உட்கார்ந்திருந்தார்கள், பேசினார்கள், மனு கொடுத்தார்கள், சமைத்துச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தொலைக்காட்சிக்கு இது செய்தியல்ல. கிணற்றுத் தண்ணீரின் ஆய்வறிக்கையை எப்படிப் படம் பிடிப்பது? காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாது. ஆகவே நாடு முழுக்க இருந்த பார்வையாளர்களுக்குத் தூத்துக்குடிப் போராட்டம் நூறாவது நாளில்தான் தொடங்கியது. தொடங்கும்போதே எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால், சாய்வுகளிலெல்லாம் பெரிய சாய்வு இதுதான். மே 22 அன்று காட்டியதைவிட, அதற்கு முன்னால் காட்டாமல் விட்டது அதிகக் கேடு செய்தது. முன்கதை தெரியாதவனுக்குக் கல்லெறிகிற இளைஞன் வெறும் கல்லெறிகிற இளைஞன்தான்.

மே 23 இரவு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளைக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. வதந்தி பரவாமல் இருக்க என்றார்கள். செல்பேசியில் சுற்றிய படங்கள் நின்றன, டிவி மட்டும் ஓடியது. அந்த நாள்களில் எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இரவு விவாதம் பார்த்தேன். திரை நான்கு கட்டமாகப் பிரிந்திருந்தது. ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர், ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், அரசியல் விமர்சகர் என்று போட்டிருந்த ஒருவர். மூவரும் சென்னையில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது கட்டத்தில் தூத்துக்குடியிலிருந்து பேசியவர். இணையம் இல்லாததால் அவருக்கு முகம் இல்லை. எப்போதோ எடுத்த ஒரு புகைப்படத்தைப் போட்டு, போனில் பேச வைத்திருந்தார்கள். கரகரத்த குரல், நடுநடுவே அறுந்தது. மற்றவர்கள் கையை ஆட்டி, புருவம் உயர்த்தி, சிரித்துப் பேசும்போது அந்தப் புகைப்படம் அசையாமல் இருந்தது. “சார், உங்க குரல் சரியாக் கேக்கல, மறுபடி வர்றோம்” என்றார் நெறியாளர். மறுபடி வந்தபோது விளம்பரத்துக்கு நேரமாகியிருந்தது. நெறியாளர் மரியாதையானவர், யாரையும் மட்டம் தட்டவில்லை. அன்றைக்கு அவர் முன்வைத்த கேள்வி: போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் ஊடுருவினார்களா?

அந்தக் கேள்விக்கு இல்லை என்று எத்தனை பேர் சொன்னாலும், ஒரு மணி நேரமும் பேச்சு அதைப் பற்றித்தான். சுட உத்தரவிட்டது யார் என்பது அன்றைய கேள்வியாக இருந்திருந்தால் அந்த நான்கு பேரும் வேறு நான்கு பேராக இருந்திருப்பார்கள். துணை வட்டாட்சியர்கள் உத்தரவிட்டதாகக் காகிதத்தில் இருந்தது. அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா, அவர்கள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார்களா என்று கேட்கச் சட்ட வல்லுநர் ஒருவரை அழைத்திருக்கலாம். மே 30 அன்று தூத்துக்குடி மருத்துவமனைக்கு வந்து போன ரஜினிகாந்த், சமூக விரோதிகள் புகுந்ததே வன்முறைக்குக் காரணம் என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் சொன்னார். சேனல்களின் கேள்வி அதற்குள் ஒரு வாரப் பழையதாகியிருந்தது. அவர் பேசியது அந்தக் கேள்விக்கு வந்த பெரிய பதில்.

மருத்துவமனை வாசலில் மைக் நீட்டிய காட்சிகளையும் கவனித்துக்கொண்டே இருந்தேன். மீனவக் குடியிருப்புப் பெண்கள் பேசினார்கள். ஒருத்தி ஆலையிலிருந்து எந்த நேரத்தில் புகை வரும், எந்தக் காற்றுக்கு எந்தத் தெருவில் நெடி இறங்கும், தன் தெருவில் யார் யாருக்கு என்ன நோய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சின் கடைசியில் அழுதுவிட்டாள். அடுத்த செய்தி அறிக்கையில் அழுகை மட்டும் இருந்தது. அதிகாரிகளுக்குப் பேச்சும் இவர்களுக்குக் கண்ணீருமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், பார்க்கிறவருக்கு இரக்கம் வரும், அதோடு சரி. அவள் ஒரு வாதத்தை முன்வைத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கட்சிகளின் சேனல்களை நான் இங்கே சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எந்தச் சேனல் எந்தக் கட்சியின் வீட்டுப் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெயா டிவியைப் பார்க்கிறவரும் கலைஞர் டிவியைப் பார்க்கிறவரும் அந்தக் கணக்கைக் கழித்துவிட்டே பார்க்கிறார்கள். டீக்கடையில் ‘அவம் அப்படித்தாம் சொல்லுவான்’ என்று ஒரு குரல் வந்துவிடும். நடுநிலை என்று பெயரெடுத்த சேனலுக்கு அந்தக் குரல் வராது. அங்கே சாய்வு, கேமரா நிற்கும் இடமாகவும், கேள்வியாகவும், கட்டத்தின் அளவாகவும் வருகிறது. அதைச் செய்கிறவர்களுக்கே தாங்கள் செய்வது தெரியாமல் போகலாம். அவர்களில் பலரை எனக்குத் தெரியும். இரவு பகல் பார்க்காமல் உழைக்கிறவர்கள், மனசாட்சி உள்ளவர்கள்.

இதே சேனல்கள் தூத்துக்குடிக்குப் பதினாறு மாதம் முன்பு வேறு மாதிரி இருந்தன. 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்டவர்களை அவை கொண்டாடின. கேமரா கூட்டத்துக்குள்ளேயே போனது. குப்பை பொறுக்கும் மாணவர்களையும், போக்குவரத்தைச் சீர்செய்யும் இளைஞர்களையும், கைக்குழந்தையோடு வந்த தாய்களையும் பக்கத்தில் போய், பெயர் கேட்டு, முகம் காட்டியது. விளக்கை அணைத்ததும் ஆயிரக்கணக்கான செல்பேசி வெளிச்சம் எழுந்ததை உயரத்திலிருந்து காட்டியது. கூட்டத்துக்குள் போக முடியாது, சிக்னல் கிடைக்காது என்பதெல்லாம் அப்போது தடையாகவில்லை. மெரினாவில் எதிரே நின்றது ஒரு நீதிமன்றத் தடை. தூத்துக்குடியில் எதிரே நின்றது ஒரு பெரிய ஆலை. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். மெரினாவிலும் ஜனவரி 23 விடிகாலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கியதும் கேமரா நடந்து நடந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்துத் தீ திரும்பத் திரும்ப வந்தது. நடுக்குப்பத்து மீன்சந்தை எரிந்து, மீன் விற்கும் பெண்கள் போலீஸைக் கைகாட்டிக் கதறியது அந்த அளவுக்கு வரவில்லை. நேற்று வரை மாணவர்களாக இருந்தவர்களுக்குள் அன்று காலை ‘சமூக விரோதிகள்’ முளைத்திருந்தார்கள்.

அதே ஆண்டு மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்பவை அவர்கள் கேட்டவை. மண்டையோட்டைக் கழுத்தில் கட்டினார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார்கள், பிரதமர் அலுவலகத்தின் அருகே ஆடையைக் களைந்து ஓடினார்கள். டெல்லி சேனல்கள் வந்தன. எலி வந்தது, மண்டையோடு வந்தது. எந்த மாவட்டத்தில் எத்தனை முறை மழை பொய்த்தது என்பது வரவில்லை. வயதான விவசாயிகள் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு அவமானத்தைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது, நேற்றைய காட்சி பழையதாகிவிட்டதால். 41 நாள் இப்படிப் போனது. சும்மா உட்கார்ந்திருந்தால் கேமரா வராது, வர வைக்க ஏதாவது செய்தால் ‘இதெல்லாம் நாடகம்’ என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் போராடுகிறவன் எங்கே நிற்பது?

சேனல்காரர்கள் தரப்பிலும் சொல்ல இருக்கிறது. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய ஒரு விவாத அரங்கம், தமிழ்நாட்டில் தொடரும் போராட்டங்களைப் பற்றியதுதான். அதில் இயக்குநர் அமீர் பேசியதை ஒட்டிச் சலசலப்பு எழுந்தது. போலீஸ் அமீர்மீது மட்டுமல்லாமல், சேனல் நிர்வாகத்தின்மீதும் செய்தியாளர்மீதும் வழக்குப் போட்டது. சேனலை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் கேபிளிலோ அப்போது அரசு நிறுவனமே பெரிய பங்காளியாக இருந்தது. எந்த எண்ணில் வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பது அதன் கையில் இருந்தது. பத்திரிகையாளர் அமைப்புகள் சென்னையில் கண்டனம் தெரிவித்தன. இப்படி ஒரு வழக்கு வந்தால், அடுத்த முறை எந்தச் செய்தி ஆசிரியரும் யாரும் சொல்லாமலே கேமராவை நாலடி பின்னால் வைப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் போலீஸ் வேனின் கூரையில் படுத்து, நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சி உலகத்துக்குத் தெரிந்தது ஒரு செய்தி நிறுவனத்தின் கேமராவால்தான். சீருடை இல்லாமல், உயரத்திலிருந்து, குறிபார்த்து. கூட்டத்தைக் கலைக்கச் சுட்டோம் என்ற விளக்கத்தின் மேல் அந்த ஒற்றைக் காட்சி எழுப்பிய கேள்வியை எந்த விவாத அரங்கமும் எழுப்பவில்லை. அதே ஆண்டு கடைசியில் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தேடிப் படித்து, இறந்த 13 பேரில் 12 பேருக்குக் குண்டு தலையிலோ மார்பிலோ பட்டது என்றும், அவர்களில் பாதிப்பேர் பின்னாலிருந்து சுடப்பட்டார்கள் என்றும் எழுதினார்கள். சலூனில் பெரியவருடைய மகள் போனில் சொன்ன ‘ஓடுன கதை’ அந்த அறிக்கைகளில் இருந்தது.

சேனல்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய காட்சிக்கு மேல் ‘நேற்று எடுத்தது’ என்று இரண்டு சொல் போடலாம். ‘போலீஸ் சுட்டதில்’ என்று எழுதலாம். ஒரே ஒரு கேமராவையாவது எதிர்ப்பக்கத்தில் நிறுத்தலாம். அந்தப் பெண் புகையைப் பற்றிச் சொன்னதை வெட்டாமல் விடலாம். இதற்குப் பணம் தேவையில்லை, தைரியம்கூடக் கொஞ்சம்தான் தேவை. ஆலை அதற்குப் பிறகும் செய்தியில் வந்துகொண்டிருந்தது. அதை மூட அரசு 2018 மே 28 அன்று ஆணையிட்டது. 2021இல் கொரோனாவின்போது ஆக்சிஜன் தயாரிக்க ஆலைக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 2024 பிப்ரவரியில் மூடியது மூடியதுதான் என்று அதே நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒவ்வொரு முறையும் செய்தியின் பின்னால் ஓடிய கோப்புக் காட்சிகளில் நான் அதிகம் பார்த்தது அந்த எரியும் வாகனங்களைத்தான்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சம்பவத்தைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். மாநிலத்தின் காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர், தன்னையும் பெஞ்சில் உட்கார்ந்து டிவி பார்க்கிற எங்களோடு சேர்த்துக்கொண்டார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை, தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத்துறைத் தலைவரும் அவருக்கு அவ்வப்போது நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று பதிவு செய்து, அவர் சொன்னது சரியல்ல என்றது. சுடுவதற்கான தூண்டுதல் எதுவும் இருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள்மீது மறைவிடங்களிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியது. காவல்துறையினர் 17 பேர்மீதும் அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபர் 18 அன்று. ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும் அதே நாளில் வைக்கப்பட்டது. அன்றிரவு சேனல் சேனலாக மாற்றிப் பார்த்தேன். பெரிய கட்டங்களெல்லாம் போயஸ் தோட்டத்துக்கும் அப்பல்லோவுக்கும் போயிருந்தன. தூத்துக்குடிக்குக் கிடைத்த நேரத்தில் எடப்பாடி பொய் சொன்னாரா என்று இரண்டு கட்சிக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். ஓடுகிறவர்களை மறைந்திருந்து சுட்டார்கள் என்ற வரி கீழே எழுத்தாக ஓடிப் போனது. நான் பார்த்த விவாதங்கள் எதிலும் குமாரரெட்டியாபுரத்திலிருந்து ஒருவரைக்கூட அழைத்திருக்கவில்லை.